பானெட் மேல் பயணம் செய்த குஞ்சுகள்

போன வருடம் ஐப்பசி மாதம் நடந்தது இது. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் பேருந்தில் நான் கண்டக்டர். மதியத்துக்கு மேல் கிளம்பி, பொழுது சாயும் நேரத்துக்கு மலை ஏறி, இரவு அங்கேயே தங்கி, காலையில் கீழே இறங்கும் வண்டி. ஆட்டுக்குட்டி, கடுக்காய் மூட்டை, பலாப்பழம், புருஷன் பெண்டாட்டி சண்டை என்று அதில் ஏறாதது இல்லை. எதைப் பார்த்தும் ஆச்சரியப்படாத ஆள் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை உண்டு.

அன்றைக்கு ஒரு பெண் பழக்கடை அட்டைப்பெட்டியை அணைத்தபடி ஏறினார். சின்னசேலத்தில் ஜவுளிக்கடை வேலை, அக்கா வீட்டுக்கு மலை மேல் போகிறார். பெட்டிக்குள் ஒரே கீச்கீச். "இன்னாம்மா, உள்ள பால்வாடி நடத்துறியா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து காட்டினார். முந்தின நாள் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சுகள்.

கூட்டம் கம்மியாக இருந்ததால் கதை கேட்டேன். அக்காவின் கோழிகளையெல்லாம் காட்டுப்பூனை பிடித்துவிட்டதாம். மிஞ்சியது ஒரே ஒரு பெட்டைக்கோழி. அதை அடை வைத்திருக்கிறார். இடிக்கு முட்டை கெடாமல் இருக்கக் கூடையில் கரித்துண்டு, இரும்புத்துண்டு, காய்ந்த மிளகாய் எல்லாம் போட்டும், அத்தனையும் கூமுட்டையாகப் போய்விட்டது. கோழி மட்டும் எழுந்திருக்காமல் வெறும் முட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. இந்த அடையும் வீணானால் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விடுவேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதனால்தான் தங்கை தன் வீட்டில் பொரித்த குஞ்சுகளை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். இருட்டுகிற நேரத்தில் கூமுட்டைகளை எடுத்துவிட்டு, சத்தமில்லாமல் குஞ்சுகளைக் கோழிக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். விடிந்ததும் தான் பொரித்தது என்றே அது சேர்த்துக்கொள்ளும். பகலில் விட்டால் கொத்தினாலும் கொத்திவிடும். கோழி ஏற்கெனவே இளைத்துப்போய் இருக்கிறது, நாளைக்கு அடையை விட்டு எழுந்துவிட்டால் எல்லாம் போச்சு என்றார்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் பிடித்தது மழை. பாதி மலை ஏறியிருப்போம், ஒரு வளைவில் மரம் சாய்ந்து கிடந்தது. ஆண்கள் இறங்கி, கிடைத்த கொடுவாளை வைத்து வெட்டத் தொடங்கினோம். எங்கள் வண்டியின் ஜன்னல் ஷட்டரைப் பற்றி ஊருக்கே தெரியும், வெளியே நிற்பதை விட உள்ளே உட்கார்ந்தால்தான் அதிகம் நனையலாம். நான் திரும்பி ஏறியபோது அட்டைப்பெட்டியின் அடிப்பக்கம் ஊறிப் பிய்ந்து, குஞ்சுகள் ஈரத் தரையில் சிதறிக் கிடந்தன. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் மிதித்துவிடாமல் காலைத் தூக்கி சீட் மேல் வைத்திருந்தார்கள்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் முறுக்கைப் பொடித்துப் போட வந்தார். இன்னொருவர் தன் துண்டால் குஞ்சைத் தேய்க்க ஆரம்பித்தார். இவ்வளவு கூச்சலில் நானாக இருந்தால் பெட்டியோடு உட்கார்ந்து அழுதிருப்பேன். அந்தப் பெண் அழவில்லை. முந்தானையில் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எல்லாத்தையும் ஒரேயடியா பாக்க முடியாதுங்க. ஒவ்வொண்ணா பாப்போம். தீனி இப்ப வேணாம், மொதல்ல சூடு."

டிரைவர் பக்கத்தில் இன்ஜினை மூடியிருக்கும் பானெட், மலை ஏறி வந்த சூட்டில் கொதித்துக் கிடந்தது. அதன் மேல் என் சீட்டுக்கடியில் கிடந்த சாக்கை மடித்துப் போட்டு, புறங்கையை வைத்துப் பார்த்து, இன்னொரு மடிப்பு வைத்து, குஞ்சுகளை விட்டார். ரொம்ப சூடானால் விலகி விலகிப் போகும், குளிர்ந்தால் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கத்தும், சரியாக இருந்தால் அடங்கிப் படுக்கும் என்றார். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே வண்டி மொத்தமும் வாயை மூடியது. என் பத்து வருட சர்வீஸில் நான் கத்தியும் நடக்காத காரியம்.

பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். ஒரு குஞ்சுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்து, வயிறு உப்பியிருந்தது. முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்குமா என்று கேட்டார். பல நாளாகத் திறக்காத பெட்டி, பயந்துகொண்டே திறந்தேன். நல்லவேளை, பஞ்சும் பிளாஸ்டரும் இருந்தன. டிரைவர் தன் பிளாஸ்கிலிருந்த வெந்நீரை ஆற்றிக் கொடுத்தார். பஞ்சை நனைத்து வைத்து வைத்து ஊறவிட்டார். நான் பொறுமை இல்லாமல், இழுத்துப் பிய்த்துவிடலாமே என்றேன். இழுத்தால் தோலும் கூட வந்துவிடுமாம். ஊறி விழுந்ததும் துடைத்து, யாரோ கொடுத்த தேங்காய் எண்ணெயைத் துளி தடவினார். மற்ற குஞ்சுகளுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரை கரைத்து, அலகு நுனியை மட்டும் தொட்டு நனைத்துக் காட்டினார். அதுகளாகவே குடிக்கப் பழகின.

இன்னொன்றுக்குக் கால்கள் இரண்டும் பக்கத்துக்கொன்றாக விரிந்துபோய் நிற்க முடியவில்லை. "பெட்டியில பேப்பர் போட்டேங்க, வழுக்கிடுச்சு. சாக்கு போட்டிருக்கணும், என் தப்புதான்" என்று மறைக்காமல் சொன்னார். நான் ரப்பர் பேண்டை நீட்டினேன். ரத்தம் கட்டிவிடும் என்று வேண்டாமென்றார். பிளாஸ்டரை மெல்லிசாகக் கிழித்து, நேராக நிற்கும் அளவுக்கு இடைவெளி விட்டு, இரண்டு காலையும் சேர்த்து ஒட்டினார். ரெண்டு மூணு நாளில் கால் தேறிவிடும் என்றார்.

இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். குஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "நான் சாவ விட்ட குஞ்சுங்கதாங்க கத்துக் குடுத்துச்சு."

அந்தப் பேச்சுக்குப் பிறகு அவரைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. தன் தோல்வியை இவ்வளவு சாதாரணமாகக் கையில் வைத்துக்கொண்டு, அதையே மருந்தாக மாற்றும் ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

பானெட் ஆற ஆறக் குஞ்சுகள் மறுபடி கத்தத் தொடங்கின. எங்கள் டிரைவர் டீசல் விஷயத்தில் மகா கஞ்சன், ரயில்வே கேட்டில் வண்டி நின்றாலே இன்ஜினை அணைத்துவிடுவார். அன்றைக்கு யாரும் கேட்காமலே ஸ்டார்ட் செய்து ஓடவிட்டார். அப்படியும் ஒரு குஞ்சு பிழைக்கவில்லை. அதைத் தாளில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததைக் கையில் எடுத்தார்.

வெளியே வெட்டிக்கொண்டிருந்தவர்கள் மரத்தை நகர்த்தியதும், இருட்டுகிற நேரத்துக்குச் சேர்த்துவிட வேண்டும் என்று வண்டி மொத்தமும் டிரைவரை விரட்டியது. அவர் வளைவுகளில் பதறாமல்தான் ஓட்டினார், ஆனால் டீக்கு நிறுத்தவில்லை. அக்கா ரோட்டோரம் குடையோடு நின்றிருந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது.

"உசுரோட இருக்குதா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இருக்குது. கோழி அடையில இருக்குதா?"

"உக்காந்துக்கினுதான் இருக்குது."

இரண்டு பேரும் சாக்கோடு குஞ்சுகளை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். சாக்கு என்னுடையது, கேட்க மனசு வரவில்லை.

அன்று இரவு நானும் டிரைவரும் சாப்பிடும்போது கோழியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். காலையில் இறங்கும்போது அதே இடத்தில் அக்கா கை காட்டினார். கேரளாவுக்குக் கிளம்பிவிட்டாரோ என்று வண்டியை நிறுத்தினோம். அவர் ஏறவில்லை. இடுப்பிலிருந்த குழந்தையோடு ஒதுங்கி நின்று, தன் வீட்டு வாசலைக் காட்டினார். கவிழ்த்த கூடைக்கு வெளியே கோழி இறக்கையை விரித்து, எங்கள் வண்டியைப் பார்த்தே சீறியது. அதன் வயிற்றுக்கடியிலிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. கடைசியாக, காலில் எங்கள் முதலுதவிப் பெட்டியின் பிளாஸ்டரோடு ஒன்று தத்தித் தத்தி வந்து, விழாமல் நின்றது. தங்கை கூடைக்குப் பக்கத்திலேயே தூங்கிப் போயிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று டிரைவர் ஹாரன் கூட அடிக்காமல் வண்டியை எடுத்தார்.

இப்போதும் கூட்டம் நெரிந்து, ஆளாளுக்கு என் மேல் கத்தும்போது, ஈரத் தரையிலிருந்து குஞ்சுகளை அள்ளிய அந்தக் கைகள் நினைவுக்கு வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, முதல் ஆளிடம் கையை நீட்டுவேன்.