பாக்கியம் அக்காவின் உள்ளங்கைகள்

மருமகளின் மோதிரத்தைக் காணவில்லை. “அப்பா, வீடு துடைக்க வர்ற சாந்தி மேல ஒரு கண்ணு வச்சுக்குங்க லா” என்று சொல்லிவிட்டு மகன் வேலைக்குப் போனான். ஈரத் தரையின் சோப்பு வாசம் என்னைச் சிராங்கூன் ரோட்டுக்கு, மசாலா அரைக்கும் கடைக்கு மேலிருந்த எங்கள் சிறுவயது வீட்டுக்குக் கொண்டுபோனது.

அங்கே வெள்ளி டம்ளர் தொலைந்தபோது, வேலைக்கு வந்த பாக்கியம் அக்காவைக் கவனிக்க அம்மா என்னைத்தான் உட்கார வைத்தார். ஒவ்வோர் அறையையும் துடைத்து முடித்ததும் அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, “பாத்துக்கய்யா, ஒண்ணுமில்ல” என்பார். விளையாட்டென்று நினைத்து நானும் விரித்துச் சிரிப்பேன். டம்ளர் அரிசிப் பானைக்குள் கிடைத்தது. அதை அம்மா அக்காவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வேலையை விட்டுப் போகும்வரை அக்கா கையைக் காட்டிக்கொண்டேயிருந்தார்.

சாந்தி வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அடுத்து ரூம் துடைக்கணும். நீங்களும் வர்றீங்களா தாத்தா?”

“நான் தேக்கா மார்க்கெட் வரைக்கும் போறேன்மா. முடிச்சுட்டுக் கதவச் சாத்திட்டுப் போ” என்று செருப்பை மாட்டினேன்.