பிரெஞ்சுக் கோப்பையில் வாய் வைத்த மாப்பிள்ளை

நீல விளிம்பு, அதன் மேல் தங்கக் கோடு, நடுவில் ஒரு ரோஜாக் கொத்து... வெயிலில் தூக்கிப் பிடித்தால், பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரியும். அவ்வளவு மெல்லிய பீங்கான்.

ராயபுரத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பியபோது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்த நான் அந்தத் தேநீர் செட்டை எடுத்தேன். அடியில் பின்னிக்கொண்ட இரண்டு எழுத்துகள். பிரெஞ்சு ராஜாவின் ஆலை முத்திரை, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தியது என்று ஒரு புதுச்சேரிக் கப்பல்காரர் சொன்னார். படிக்காத எனக்கு எதற்கு என்று சிரித்தவர்கள் சிரிக்கட்டும்.

தங்கை பூங்காவனத்தைப் பெண் பார்க்கத் திருவொற்றியூரிலிருந்து வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

"பித்தளை லோட்டாவுல குடுடா, பேஜாரு பண்ணாத" என்றார் அம்மா.

நான் கேட்கவில்லை. பிரெஞ்சுக் கோப்பையில்தான் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தில் யாரும் வாய் வைப்பதில்லை. அண்ணாந்துதான் குடிப்பார்கள். மாப்பிள்ளையின் தகப்பனாரும் அண்ணாந்தார்... அகல வாய்க் கோப்பை. மீசை, கழுத்து, புதுச் சட்டை, எல்லாம் தேநீர்!

"இன்னாப்பா, கூப்ட்டு வச்சி கேலி பண்றியா?" துண்டை உதறி எழுந்துவிட்டார். உள்ளே அம்மா அழ ஆரம்பித்தார்.

மாப்பிள்ளை முனிரத்தினம், பெரம்பூர் ரயில்வே பட்டறைக்காரர், அசையவில்லை. கோப்பையில் வாய் வைத்தார். நிதானமாகக் குடித்தார்.

"உக்காரு நைனா. இத்த இப்டித்தான் குடிக்கணும். ஒரு சொட்டு சிந்துச்சா பாரு."

எச்சில் பண்ணிவிட்டாரே!

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பூங்காவனம் கெட்டிலோடு நேராக வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

அவர் கோப்பையை நீட்டினார்.

தகப்பனார் இருவரையும் பார்த்தார். "ரெண்டுத்துக்கும் வெக்கமே கெடயாது. தேதிய குறிங்க" என்று உட்கார்ந்தார்.

நல்ல சம்பந்தத்தைக் கெடுக்கப் பார்த்தவன் என்று சொந்தக்காரர்கள் இன்றும் என்னைத்தான் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். லோட்டாவில் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை எப்படிப்பட்டவர் என்று தெரிந்திருக்குமா?

இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் காகிதக் கோப்பை. எல்லோரும் வாய் வைத்துத்தான் குடிக்கிறார்கள், கீழே போடுகிறார்கள், போகிறார்கள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பூங்காவனம் இருந்தவரை, அந்தக் கோப்பையைப் பற்றி என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.