லாம்தாவா, மியா?

மர்கோனிக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ரேடியோவின் பாட்டரிக் கதவு தொலைந்திருந்தால் போதும். "கதவில்லாத வீட்ல நீ படுப்பியா?" என்று கேட்பார். பெட்டிக்குள் கடல்மணல் இருந்தால் அதைத் தட்டி எடுத்து, காகிதத்தில் பொட்டலம் கட்டி, பழுது பார்த்த பெட்டியோடு சேர்த்து நீட்டுவார். "உங்க வீட்டு மணல், எனக்கு எதுக்கு?" எங்கள் கிரேக்கத் தீவு ஊரான கர்தாமிலாவில் அவரிடம் திட்டு வாங்காத வீடு கிடையாது. திட்டினாலும் ஒழுங்காகச் செய்து கொடுப்பார் என்பதால் நாங்களும் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

அவர் பெயர் இசிதோரோஸ் ஸிதேரிஸ். கப்பலில் ரேடியோ அறையில் உட்காருகிறவர் யாரானாலும் எங்கள் ஆட்களுக்கு அவர் மர்கோனிதான். இருபத்தாறு வருஷம் அந்த அறையில் இருந்தவர், இடது காது மந்தமானதும் கரையேறி, துறைமுகத்தில் கயிற்றுக்கடைக்குப் பக்கத்தில் ரேடியோவும் டேப்ரெக்கார்டரும் பழுது பார்க்க உட்கார்ந்தார். பட்டப்பெயரும் கூடவே இறங்கி வந்துவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் ஸ்தமாதிஸ். அவனைக் கடலுக்கு அனுப்பவே மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவன் ஒரு நாள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டான்.

எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேர் எப்போதும் கப்பலில். அவர்கள் கரை நிலையத்தோடு சிற்றலையில் பேசுவது எங்கள் வீட்டு ரேடியோ டேப்ரெக்கார்டரில் விழும். ஆனால் சும்மா வைத்தால் வாத்து கத்துவதுபோல இருக்கும், ஒரு வார்த்தை புரியாது. பக்கத்தில் இன்னொரு சின்ன ரேடியோவை வைத்து, அதன் முள்ளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் ஓரிடத்தில் வாத்து மனிதனாகிவிடும். ஊர்ப் பெண்களுக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தது மர்கோனிதான். குரல் ஒரே தடவைதான் வரும். அதனால் வந்த உடனே பதிவுப் பொத்தானை அமுக்கிவிடுவது எங்கள் பழக்கம்.

எண்பத்தேழு மே மாதம். ஈரானும் ஈராக்கும் வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல்களை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிச் செய்தியில், டெஸ்பினா என்ற கப்பலை ஏவுகணை தாக்கியது, இருவர் பலி என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள், பாவிகள்.

டெஸ்பினா இரண்டு இருந்தன. கப்பல் முதலாளிகள் இருவரும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். அப்பாவைப் பெற்றவளின் பெயரைத்தான் பெண்பிள்ளைக்கும் வைப்பார்கள், கப்பலுக்கும் வைப்பார்கள். வேறு பெயர் வைத்தால் குடும்பத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அடையாளத்துக்காக லாம்ப்ரோஸ் தன் கப்பல் பெயரின் கடைசியில் தன் முதலெழுத்தான 'லாம்தா'வைப் போட்டுக்கொண்டார், மிகாலிஸ் 'மி' என்ற எழுத்தை. என் கணவர் லெயோனிதாஸ் டெஸ்பினா மியில் போசன், மேல்தள ஆட்களுக்குத் தலைவர். மர்கோனியின் மகன் டெஸ்பினா லாம்தாவில் மூன்றாம் இன்ஜினியர். அந்த வாரம் இரண்டு கப்பலும் வளைகுடாவில்தான் இருந்தன. அடி வாங்கியது மி என்றால் இடி என் தலையில். லாம்தா என்றால் அவர் தலையில்.

பிரேயஸ் துறைமுக நகரத்தில் இருந்த கம்பெனி தொலைபேசியை எடுக்கவில்லை. ஊர் மொத்தமும் துறைமுக அலுவலகத்தில் போய் நின்றது, மர்கோனியும் அங்கேதான் நின்றார். என் வீடு மேட்டில் இருக்கிறது; ஊரிலேயே அங்கேதான் சிற்றலை நன்றாக விழும். நான் இரண்டு ரேடியோவையும் ஜன்னலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு ஒரு குரல் எழும்பியது. "அடிபட்ட கப்பலின் ஆட்களை ஏற்றியிருக்கிறோம்" என்றது. பதிவுப் பொத்தானை அமுக்கினேன். அந்த நேரம் பார்த்து, "அர்கிரோ, உனக்கு போன்! பிரேயஸிலேர்ந்து!" என்று கீழேயிருந்து காப்பிக்கடைக்காரன் கத்தினான். பதிவாகிக்கொண்டுதானே இருக்கிறது என்று ஓடினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். போனில் என் நாத்தனார். அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை, அழுவதற்குக் கூப்பிட்டிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் பெட்டி நாடாவைத் தின்றுவிட்டு முனகிக்கொண்டிருந்தது. நாடா ரப்பர் உருளையில் சுற்றிக்கொண்டு, கேசட் கதவே திறக்கவில்லை.

பெட்டியைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு மர்கோனியின் கடைக்கு ஓடினேன். அவரும் அப்போதுதான் வந்து கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னேன். எந்தக் கப்பல் என்பது இந்த நாடாவில் இருக்கிறது என்று இருவருக்கும் புரிந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

"கதவை இழுத்தியா?" என்றார்.

"லேசா இழுத்தேன் மாமா."

"லேசாவா? கொரங்கு கையில பூமாலை. அறுந்திருந்தா என்ன பண்ணுவ?"

பின்பக்கம் ஐந்து திருகாணி. நாலைக் கழற்றினார். ஐந்தாவது பாட்டரிக் குழிக்குள் ஒளிந்திருந்தது. அது துருப்பிடித்துப்போய்த் திரும்ப மறுத்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏன் உக்காந்துட்டீங்க?"

"எண்ணெய் எறங்கணும்."

"ஒடைங்க மாமா! பெட்டி போனா போகுது!"

"பெட்டி போகட்டும். உள்ள நாடா?"

எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. இந்தக் கிழவர் வேண்டுமென்றே தாமதம் செய்கிறார், தெரிந்துகொள்ள விருப்பமில்லை, தெரியாத வரைக்கும் மகன் உயிரோடு இருக்கிறான் என்று நினைக்கிறார் என்று. நினைத்ததோடு நிறுத்தினேனா, வாய் சும்மா இருக்குமா? "பயமா இருக்குன்னா சொல்லிடுங்க, நான் வேற எடம் பாத்துக்கறேன்" என்று சொல்லியே விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "பயம்தான்" என்றார். "அந்த விளக்கை இப்படித் தள்ளு."

திருகாணி வந்தது. பெட்டியைப் பிளந்து, உள்ளேயிருந்த பித்தளைச் சக்கரத்தை ஒரு விரலால் பின்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்றுக்கு ஒரு விரற்கடை நாடா உருளையைவிட்டு வெளியே வரும். நிறுத்துவார், இடுக்கியால் மடிப்பை எடுப்பார், மறுபடி சுற்றுவார். கடைசியில் கேசட் முழுசாக வெளியே வந்தது. நாலு முழ நீளத்துக்கு நாடா அப்பளம்போல் கசங்கியிருந்தது. அதைத் துணியில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து நேராக்கி, வேறு கூட்டில் மாற்றினார்.

குற்றவாளி பெல்ட். உள்ளே இருந்த ரப்பர் வளையம் சூட்டில் இளகித் தார்போல ஒட்டிக்கொண்டிருந்தது. கடையில் பதினோரு பெட்டி இருந்தது, பழுதுக்கு வந்தவை ஆயிற்றே, ஒன்றுகூட ஓடாது. பாதிரியாரின் பெட்டி மோட்டார் எரிந்து கிடந்தது. அதன் பெல்ட்டைக் கழற்றி என் பெட்டியில் மாட்டினார்.

"பாதிரியார் கேட்டா?"

"ஒரு ஞாயித்துக்கிழம அவரு பிரசங்கம் பதியலைன்னா ஊருக்கு நல்லதுதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை, வாய்ப்பழக்கம். உருளையையும் நாடா உரசும் தலைப்பகுதியையும் சாராயப் பஞ்சால் துடைத்தார். மணி பத்தே முக்கால். நல்ல காதைப் பெட்டிப் பக்கம் வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஏறி இறங்கியது. ஆட்களை ஏற்றியிருக்கிறோம் என்றது. பிறகு கசங்கிய இடம் வந்தது. கொரகொரப்பு. அதற்குள்ளிருந்து, "டெஸ்பினா… டெஸ்பினா… லெயோனிதாஸ்… மறுபடி சொல்கிறேன், லெயோனிதாஸ்… இருவர் பலி…"

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் பெயரை இரண்டு தடவை சொல்லிவிட்டான். மாதாவே என்று கத்தினேனா, மனதில் நினைத்தேனா, தெரியவில்லை. பிள்ளைகளுக்கு என்ன சொல்வேன் என்றுதான் ஓடியது.

மர்கோனி பெட்டியை நிறுத்தினார். ஒரு மூச்சு நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். குனிந்து என் தோளைப் பிடித்தார்.

"எந்திரி. அது உன் புருஷன் இல்ல."

"பேரச் சொன்னானே மாமா! ரெண்டு தடவ சொன்னானே!"

"அது ஆளு பேர் இல்ல புள்ள, எழுத்து. லைன்ல எரைச்சல் இருந்தா எழுத்துக்குப் பதிலா நாங்க பேர் சொல்லுவோம். மி-ன்னா மெனெலாவோஸ். லெயோனிதாஸ்னா…" பெட்டிப் பக்கம் திரும்பினார். "லெயோனிதாஸ்னா லாம்தா. அடிபட்டது டெஸ்பினா லாம்தா. உன் ஆளு நல்லா இருக்கான்."

நான் சிரித்தேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும், அவர் முகத்துக்கு நேராக, தரையில் உட்கார்ந்தபடியே, கண்ணீர் வரச் சிரித்தேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் என் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"சிரிம்மா. தப்பே இல்ல. ஆனா வெளிய போய்ச் சிரி."

வாசலுக்குப் போனேன். எதிரே சுவரோரம் என் மாமியார் நின்றிருந்தாள், சொன்னேன். அவள் தெருவிலேயே மண்டியிட்டுவிட்டாள். அவளைக் காப்பிக்கடையில் உட்காரவைத்துவிட்டு நான் திரும்பி வந்தேன். உள்ளே அவர் நாடாவின் மிச்சத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இறந்தவர்கள் பெயரைப் பதினோரு மணிக்குச் சொல்கிறோம் என்பதோடு அது முடிந்தது.

"நீ வீட்டுக்குப் போ" என்றார்.

"என் பெட்டிய விட்டுட்டு எப்படிப் போறது?"

அவர் பெட்டியை ரேடியோவுக்கு மாற்றி, கம்பியை ஜன்னலுக்கு வெளியே போட்டு, அலையைப் பிடித்தார். வாத்து கத்தியது. மேஜை இழுப்பறையிலிருந்து தன் சின்ன ரேடியோவை எடுத்தார். அதன் முள் கயிறு தளர்ந்துபோயிருந்தது, கையால் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். அவருக்கோ எழுதக் கை வேண்டும்.

"நான் பிடிக்கறேன் மாமா."

"ஆடக் கூடாது."

"ஆட மாட்டேன்."

காகிதத்தையும் பென்சிலையும் எடுத்து வைத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பதினோரு மணிக்குக் குரல் வந்தது. முள்ளை ஒரு மயிரளவு திருப்பினேன், வாத்து மனிதனாயிற்று. இறந்தவர்கள் இருவர் என்றது. முதல் பெயர் குடும்பப் பெயரிலிருந்து எழுத்தெழுத்தாக வந்தது: கோன்ஸ்தந்தினோஸ், ஒதிசெயஸ், ரோதோஸ்… அவர் பென்சில் எழுதியது. கோரோஸ். கெஃபலோனியாக்காரன், எங்கள் ஊரில்லை. நான் மூச்சு விட்டேன், முள் நகர்ந்து குரல் வாத்தாகிவிட்டது.

"ஆடாதே!"

இழுத்துப் பிடித்தேன். "இரண்டாவது" என்றது குரல். "ஸோதிரியோஸ்."

ஸ. அந்தக் கப்பலில் ஸ-வில் தொடங்கும் குடும்பப் பெயர் இரண்டே பேருக்கு. சமையல்காரர் ஸாரிஸ், அவர் எங்கள் ஊர் மேலத்தெரு. இன்னொருவன் ஸிதேரிஸ் ஸ்தமாதிஸ். அடுத்து அலெக்ஸாந்த்ரோஸ் என்று வந்தால் அ, சமையல்காரர்; எங்கள் எழுத்தில் இ-யில் தொடங்கும் யோவானிஸ் வந்தால் ஸ்தமாதிஸ். அலெக்ஸாந்த்ரோஸ் என்று சொல், சொல் என்று வேண்டினேன். கால் மணி நேரத்துக்கு முன்னால் என் கணவருக்காக எப்படி வேண்டினேனோ அப்படியே, மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்ற ஒரு மனிதர் சாகட்டும் என்று வேண்டினேன்.

"யோவானிஸ்" என்றது குரல்.

அவர் எழுதினார். நான் அவரையே பார்த்தேன், நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. திமித்ரியோஸ், எலேனி, ரோதோஸ், இராக்லிஸ், ஸோதிரியோஸ். ஒவ்வொரு எழுத்தையும் அச்சடித்ததுபோல் நேராக எழுதினார். பிறகு மகனின் பெயரையும் கடைசி எழுத்துவரை வாங்கினார். கீழே ஒரு கோடு இழுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பதினொன்று ஏழு என்று நேரம் போட்டு, தன் கையெழுத்தை வைத்தார். இருபத்தாறு வருஷம் ரேடியோ அறையில் வாங்கிய ஒவ்வொரு செய்திக்கும் கீழே வைத்த அதே கையெழுத்து.

"முடிஞ்சுது அர்கிரோ" என்றார். "கைய எடுக்கலாம்."

எடுக்க முடியவில்லை. விரல்கள் முள்ளோடு சேர்ந்து மரத்துப்போயிருந்தன. அவர் எழுந்து வந்து, உருளையிலிருந்து நாடாவை எடுத்த அதே பொறுமையோடு, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.