தடித்த சுவர்களுக்குள் ஒரு மதியத் தூக்கம்

எங்களுக்குப் பழவேற்காடு பக்கம் ஒரு மீனவக் குப்பம். போன வருடம் உறவுக்காரர் கல்யாணத்துக்காக, அப்பாவைத் தங்கையிடம் விட்டுவிட்டு, நானும் என் கணவரும் புதுச்சேரி போனோம். "மண்டபத்தாண்டயே ரூம் போட்டுக்கலாம்" என்றார் அவர். நான்தான் கேட்கவில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்துத் தெருவில், மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாக ஒரு பழைய வீட்டைப் போனில் பார்த்துவிட்டு, தங்கினால் அங்கேதான் என்று அடம்பிடித்தேன்.

கோட்டை மாதிரி தடித்த சுவர்கள். வெளிச் சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை. கல்யாணச் சாப்பாடு முடிந்து வந்து நிம்மதியாகத் தூங்கினோம்.

சாயங்காலம் தெருவில் இறங்கியதும் என் போனில் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் தங்கையுடையவை. அந்த அறைக்குள் சிக்னலே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நடு ஏரியில் வலை போடும்போதுகூட என் கணவருக்கு லைன் கிடைக்கும்.

பதறிப்போய் அவளை அழைத்தேன்.

"எத்தினி வாட்டிக்கா போடறது? மதியம் நைனாவுக்கு நெஞ்சு வலி வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோம். உன்கிட்ட பேசணும்னு கேட்டுனே இருந்தாரு. இப்பதான்க்கா போயிட்டாரு."

இப்போதெல்லாம் வெளியூரில் எந்த அறைக்குப் போனாலும், பையை இறக்குவதற்கு முன் உள்ளே நின்று தங்கைக்குப் போன் போடுகிறேன். "கேக்குதா?" என்பேன். "கேக்குதுக்கா" என்பாள். அதன் பிறகுதான் பையை இறக்குவேன்.