பெருங்களத்தூர் ஏரிச் சங்கரா

அப்பாவுக்கு மீன் பிடிக்கத் தெரியாது என்பது அவரைத் தவிரப் பெருங்களத்தூரில் எல்லோருக்கும் தெரியும். வாரம் முழுவதும் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை போய் ஆபீசில் உட்கார்ந்துவிட்டு வரும் மனிதர், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தூண்டிலைத் தோளில் சாத்திக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிடுவார். கூடவே நானும் போவேன். மூன்றாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு, வீட்டில் இருந்தால் அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிடுவாள் என்ற பயம்.

தூண்டில் விஷயத்தில் அப்பாவுக்கு இருந்த ஞானம் லேசுப்பட்டதல்ல. தக்கைக்கு மயிலிறகுத் தண்டுதான் வேண்டும், மீன் மூச்சுவிட்டால்கூட அது ஆடும் என்பார். முந்தின நாளே கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, ஒரே இடத்தில் உருட்டிப் போட்டு மீன்களைப் பழக்க வேண்டும். நம் நிழல் தண்ணீரில் விழக்கூடாது. மண்புழுவெல்லாம் பழைய காலத்து முறை. மைதா மாவில் பெருங்காயம் சேர்த்துப் பிசைந்தால் வாசனைக்கே கெண்டை ஓடிவரும். இத்தனையும் செய்துவிட்டு அப்பா உட்கார்ந்திருக்க, சற்றுத் தள்ளி மூங்கில் குச்சியும் மண்புழுவுமாக வந்த பையன்கள் கெண்டையும் கெளுத்தியுமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அப்பாவின் மாவை மீன்கள் ஒதுக்கின என்று சொல்ல முடியாது. மாவைத் தின்றுவிட்டு முள்ளை மட்டும் விட்டுவிட்டுப் போகும்.

அந்தப் பெருங்காயம் எதிர்வீட்டு சார் கொடுத்தது. அப்பாவோடு ஒரே ரயிலில் போய் வருகிறவர். முட்டை வாசனைகூட ஆகாத வீடு அது. மீன்காரம்மா கூடையோடு தெருவுக்குள் வந்தாலே அவர்கள் வீட்டு ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும். ஆனாலும் ஞாயிறுதோறும் அப்பாவுக்குத் துணையாக ஏரிக்கரையில் வந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அப்பாவுக்கு ஒரு மீனாவது மாட்ட வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். எந்தச் சாமியிடம் வேண்டினார் என்பதுதான் விளங்காது.

அந்த வருஷம் பொங்கலுக்கு அம்மாவின் தம்பி வந்திருந்தார். ராயபுரத்தில் வீடு, ஹார்பரில் வேலை. சாப்பாட்டின் நடுவே, "மச்சான், அந்தத் தூண்டிலை அக்காகிட்ட குடுத்துடுங்க. துணியாவது காயப்போடட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார், ஆனால் அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கை கழுவும்போது, "அடுத்த ஞாயித்துக்கிழமை வாடா. நான் புடிச்ச மீன்லதான் உனக்குச் சாப்பாடு" என்று சொல்லிவிட்டார். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அம்மா மசாலா அரைத்து, புளியை ஊறவைத்துவிட்டாள். ஏரியில் வெயில் ஏற ஏற, அப்பாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. மாவு மூன்று முறை காலியாகிவிட்டது. மாமா ராயபுரத்திலிருந்து கிளம்பியிருப்பார். கடைசியில் அப்பா தூண்டிலைக் கரையில் ஊன்றிவிட்டு, ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு டீ குடிக்கப் போனார்.

அவர் தலை மறையும்வரை எதிர்வீட்டு சார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு தன் துணிப்பைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கி எடுத்தார். பிரித்தால், உள்ளே சிவப்பாக ஒரு மீன்.

"இதுக்கு வாய் எந்தப் பக்கம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் காட்டினேன். கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டு அவர் மீனைப் பிடித்துக்கொள்ள, நான் தூண்டில் முள்ளை அதன் வாயில் மாட்டித் தண்ணீரில் விட்டேன். மீன் ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தது. "அப்பாகிட்ட மூச்சு விடப்படாது, என்ன?" என்றார். காலையில் தாம்பரம் மார்க்கெட்டில், இருந்ததிலேயே அழகானதாகப் பார்த்து வாங்கினாராம். கரை மண்ணை அள்ளி அள்ளித் தேய்த்து, வெகுநேரம் கை கழுவினார். மீன் என்றால் மீன், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். எனக்கும் அவ்வளவுதான்.

அப்பா திரும்பி வந்தார். தக்கையைக் காணவில்லை. பாய்ந்து போய்த் தூண்டிலை இழுத்தார். மீன் துள்ளாமல் வந்தது. பாவம், போராடிக் களைத்திருக்கும் என்று நானே ஒரு சமாதானம் தயாராக வைத்திருந்தேன். அப்பா அதைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எதிர்வீட்டு சாரைப் பார்த்தார். சார் பேப்பரில் முழுகிப் போயிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

தூண்டில் பையன்களில் ஒருவன் எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா இது, ஏரில சங்கரா கீது? அது கடல் மீனாச்சே!" என்றான்.

"உனக்கு மாட்டலைன்னு வயித்தெரிச்சல்டா!" என்று அப்பா ஒரு அதட்டல் போட்டார். பிறகு ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி, "சார், பாத்தீங்களா சார்! எல்லாம் உங்க வீட்டுப் பெருங்காயம்!" என்றார்.

"அடடே, நெஜமாவா சார்! பெரிசா இருக்கே!" என்று சார் எழுந்து நின்றார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பையனின் பொறாமையை நினைத்து எனக்கு எரிச்சலாக இருந்தது.

தெரு வழியாக மீனை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக்கொண்டு வந்தார் அப்பா. அம்மா அதைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். அப்பாவுக்குப் பின்னால் நின்ற சாரையும் பார்த்தாள். திறந்த வாயால், "கொழம்பா, வறுவலா?" என்று கேட்டாள்.

மாமா ஒரு வாய்தான் சாப்பிட்டார். நிமிர்ந்து, "மச்சான், இது வந்து..." என்று ஆரம்பித்தார். அம்மா அவர் தட்டில் ஒரு கரண்டிச் சோற்றைக் கொட்டி, "பேசாம சாப்புடுடா" என்றாள். மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஏரி மீன் ருசியே தனிதான் மச்சான்" என்றார். யாருக்கும் தெரியாத ரகசியம் எனக்குத் தெரியும் என்ற பெருமையில் நான் இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் எதிர்வீட்டு சார் குளித்து, விபூதி பூசி, எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். "எப்படி சார் இருந்தது மீன்?" என்று கேட்டார்.

"பொறந்ததிலேர்ந்து இப்படி ஒரு மீனை நான் சாப்பிட்டதே இல்ல சார்" என்றார் அப்பா.

சார் தலையை ஆட்டிக்கொண்டே தெருவைத் தாண்டித் தன் வீட்டுக்குள் போனார். அப்பா கேட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்று, தோளிலிருந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா குழம்பில் மிளகாயை அதிகமாகப் போட்டுவிட்டாள் என்று நினைத்து, நான் உள்ளே ஓடி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அப்பா அதை வாங்கி முழுவதையும் குடித்தார்.