பாய்லர் சுவரில் ஒரு தெர்மாமீட்டர்

உலகம் அழியப்போகிறது என்று கணக்குப் போட்டே கண்டுபிடித்தவர் என் கணவர். கிண்டலுக்குச் சொல்லவில்லை. பத்து வருட வெயிலை நோட்டில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, நமக்குப் பிள்ளை வேண்டாம் என்றார். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். எனக்கு வயது இருபத்தொன்பது. நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில், அதுவும் பிரசவ வார்டில், நர்ஸ்.

அவருக்கு ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. பதனிட்ட தோல்களை மாடியில் தொங்கவிட்டு நிழலில் காயவைப்பார்கள். வெயில் ஓர் அளவுக்கு மேல் ஏறினால் தோல் விறைத்து அப்பளமாகிவிடும். உடனே ஜன்னல்களுக்குத் தட்டி போட்டு மூடவேண்டும். அதனால் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு, பின்பக்கச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதவேண்டியது இவர் பொறுப்பு. எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் எழுதினார். சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கினால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "இன்னைக்கு நூத்தி நாலு" என்பார். அப்படி ஒரு மனுஷன்.

ஒரு வாரப்பத்திரிகையில் அரைப்பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. ஆலைப் புகையால் பூமி சூடாகிறது, போகப் போக மனிதன் வாழ முடியாமல் போகலாம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதே மாதம் எங்கள் சபைக்கு வந்த பிரசங்கியார், கடைசிக் காலத்தில் சூரியன் மனிதரைத் தீய்க்கும் என்று தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போனார். போதாக்குறைக்குப் பாலாற்றில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. இவர் பழைய நோட்டுகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் ஆறு வருடம் ஏறக்குறைய ஒரே மாதிரி. கடைசி நாலு வருடம் மளமளவென்று ஏற்றம்.

"இன்னாம்மா, வெளையாட்டா சொல்றேன்னு நெனைக்கிறியா? நம்ம புள்ளைக்கு முப்பது வயசாவும்போது இங்க மனுசன் இருக்க முடியாது. தெரிஞ்சே கொண்டாந்து உடறதா?"

"அப்ப வார்டுல தெனம் நான் கையில ஏந்துறதெல்லாம் இன்னாங்க?"

"அவங்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியுமே."

அலமாரியில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் போட்ட பொட்டலம் தீராமல் பார்த்துக்கொண்டார். அந்த விஷயத்திலும் ஒரு நாள் தவறமாட்டார்.

வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் சபைப் பெண்கள் கூடி ஜெபம் செய்வார்கள். அதில் என் பெயரைச் சொல்லி, "உம்முடைய அடியாளுக்குக் கர்ப்பத்தின் கனியைத் தாரும் ஆண்டவரே" என்று கண்ணீரோடு மன்றாடுவார்கள். என் மாமியார்தான் எல்லாரையும்விடச் சத்தமாக. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆண்டவர் என்னத்தைத் தருவார், உங்கள் பிள்ளையல்லவா வேண்டாம் என்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரை யாரும் பைத்தியம் என்று சிரிப்பதை என்னால் தாங்க முடியாது. ஆனால் ஒரு நாள், அப்போதுதான் பிறந்த ஒரு பெண் குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. துணி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு ஒரு குழந்தை வேண்டும். அவ்வளவுதான். உலகம் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்றிருந்தது.

அவரை வெறுக்க முடிந்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும். என் வெள்ளைத் தொப்பிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வைப்பவர் அவர். மே மாத வெயிலில் பஸ் ஸ்டாண்டில் குடையோடு நிற்பவரும் அவர்தான். குடையை முழுக்க என் பக்கம் சாய்த்துவிட்டு, தான் வெயிலில் நடந்து வருவார்.

அப்படி ஒரு மே தொடக்கத்தில் எனக்கு லீவு. இவர் சாப்பாட்டை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். போய்ச் சேர்ந்தபோது மணி சரியாக இரண்டு. நோட்டும் பேனாவுமாகப் பின்பக்கம் நடந்தார். நானும் கூடவே போனேன். அவர் தெர்மாமீட்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, நான் களைப்பில் பக்கத்திலேயே அதே சுவரில் சாய்ந்தேன். "ஐயோ அம்மா!" என்று துள்ளி விலகினேன். நிழலில் இருந்த சுவர் தோசைக்கல்லாகக் கொதித்தது.

"இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் இன்னா இருக்குது?"

"பாய்லர் ரூமு."

"எப்போ கட்டுனாங்க?"

"அது ஆச்சு, நாலு வருசம்..." சுவரையும் தெர்மாமீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் முதல் வாரமே சொல்லித்தருவார்கள், சூடாகக் காபி குடித்தவர் வாயில் உடனே தெர்மாமீட்டர் வைக்காதே என்று. பொய் ஜுரம் காட்டும். இந்த மனுஷன் நாலு வருடமாகப் பாய்லருக்கு ஜுரம் பார்த்துவிட்டு, உலகத்துக்கு நாள் குறித்திருக்கிறார்! எனக்கு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். தானும் சுவரில் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

மறுநாளே தெர்மாமீட்டரைக் கழற்றிக்கொண்டுபோய், கிணற்றடிக் கொட்டகைத் தூணில் மாட்டினார். வெயிலும் படாது, எந்தச் சுவரும் பக்கத்தில் இல்லை. மாதம் முடியும்வரை தினமும் இரண்டு மணிக்கு அங்கே போய்ப் பார்த்து எழுதினார். ஜூன் முதல் தேதி சாயங்காலம் எதையோ வெகுநேரம் எழுதிவிட்டு, நோட்டை மூடி வைத்து, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் அந்தப் பாய்லர் பண்ண வேலை. நான்தான் சும்மா பேஜாராயிட்டேன்."

"அப்ப உலகம்?"

"இருக்கும் இருக்கும். அது எங்க போவுது."

பொட்டலத்தைக் குப்பையில் போட்டது நான்தான். அடுத்த மார்ச்சில் மகள் பிறந்தாள். ஆற்காட்டுக்கு ஓடிப்போய் மக்கன் பேடா வாங்கிவந்து வார்டு முழுக்கக் கொடுத்தார். சபைப் பெண்கள் தங்கள் ஜெபம் கேட்கப்பட்டது என்று ஸ்தோத்திரம் செய்தார்கள். நான் மறுக்கவில்லை. என்னை அந்தச் சுவரில் சாயவைத்தது யாரென்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அதற்குப் பிறகு எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும், "பாய்லருக்குப் பயந்த பயந்தாங்கொள்ளிதானே நீங்க" என்று குத்திக்காட்டாமல் விட்டதில்லை. சிரித்துக்கொள்வார். ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு, நானும் மகளும் அவர் பெட்டியை ஒழித்தோம். நோட்டுகளை அவள்தான் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அந்த மே மாதப் பக்கத்தில் நின்றாள். இடது பக்கம் மையில், கிணற்றடித் தூணில் பார்த்த வெயில். வலது பக்கம் பென்சிலில், அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்து மே மாத வெயில், பாய்லரே இல்லாத காலத்தது. இரண்டையும் தேதிக்குத் தேதி கழித்துப் பார்த்திருந்தார். பாய்லரைத் தள்ளிவிட்டாலும் வெயில் கூடித்தான் இருந்தது. அடியில் இரண்டு கோடு. பக்கத்தில் ஜூன் ஒன்று என்று தேதி.

"ரெண்டு வருசத்து மே மாசத்த மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றாள் மகள். அவள் படித்தவள். ஆனால் இவருக்கு அது தெரியாதே. இவருக்கு அந்த இரண்டு கோடுதான் தீர்ப்பு. அதைப் போட்டுவிட்டு எழுந்து வந்துதான், என் முகத்தைப் பார்த்து, இருக்கும் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். என் ராசா, உங்களையா நான் பயந்தாங்கொள்ளி என்றேன்!

மகளுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தும் வியர்த்து ஊற்றியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பா உன்கிட்ட பொய் சொல்லியிருக்காரும்மா" என்றாள்.

"ஆமா. அதனாலதான் நீ இருக்கிற" என்றேன்.