கலாவதி சென்டரின் ஆறாவது மெஷின்

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் டீம் வருகிறது. ஆறாவது மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. கலாவதி என்னைக் கூப்பிட்டது வியாழக்கிழமை.

எங்கள் தங்கச் சுரங்க ஊரில், சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டின் முன்னறையில் அவள் கம்ப்யூட்டர் கேம் சென்டர் நடத்தினாள். நான் தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸிலிருந்து ஓய்வு பெற்று, கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்ய ஆரம்பித்திருந்த புதிது. வருடம் இரண்டாயிரம் என்று நினைவு.

"இதான் சார் சர்வர். இது படுத்தா ஆறு மெஷின்லயும் ஆட்டம் படுத்துக்கும். அன்னிக்கு ஒயுங்கா நடந்தா அந்தப் பசங்க மாசாமாசம் வருவாங்க. இல்லாங்காட்டி சென்டர மூடிட்டு தையல் மெஷின் போடுன்னு வூட்டுக்காரு சொல்லிட்டாரு."

"தையல் மெஷின் ரீஸ்டார்ட் ஆகாது," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பழுது வரும்போது சுற்றிலும் என்ன நடந்தது என்று முதலில் எழுது, அப்புறம் ஸ்க்ரூ டிரைவரைத் தொடு. முப்பது வருடம் இதைத்தான் மற்றவர்களுக்குச் சொன்னேன். அதன்படி நோட்டில் கட்டம் போட்டேன்: நேரம், எந்த கேம், பிராசசர் சூடு, வோல்டேஜ், வேறு விசேஷம். இரண்டு நாளில் ஐந்து ரீஸ்டார்ட். நேரத்தில் ஒழுங்கில்லை, சூட்டில் குற்றமில்லை. கடைசிக் கட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் கலாவதி, "ஒண்ணும் இல்ல சார்" என்றாள். நானும் 'இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

ராம் மாற்றினேன். கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ் மாற்றினேன். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். வைரஸ் என்றும் சொல்லிப் பார்த்தேன். காரணம் தெரியாதபோது அப்படிச் சொல்வது எங்கள் தொழில் மரியாதை. பெட்டியைப் பக்கத்தில் ஊரிகத்தில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு பகல் முழுக்க உத்தமமாக ஓடியது. திருப்பிக் கொண்டுவந்த ஒரு மணி நேரத்தில் ரீஸ்டார்ட்.

மற்ற ஐந்தும் அணையாததால் கரண்ட்டைச் சந்தேகிக்கவில்லை. சென்டர் தொடங்கியபோது ஆறாவதற்கு மட்டும் தனி லைன் இழுத்து, சுவரில் போர்டு அடித்தது நான்தான். வேலை செய்தவர் யாராக இருந்தாலும் போர்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த 'யாராக இருந்தாலும்' என்பதில் நான் சேர்த்தி இல்லை என்று வைத்திருந்தேன்.

ஞாயிறு பதினொரு மணிக்கு மேட்ச். நம் பசங்க மூன்று பேர், அவர்கள் மூன்று பேர். ஒரே கூச்சல். இருபதாவது நிமிடம் தரை ஒரு நொடி அதிர்ந்தது. ஆறாவது திரை கறுத்து, பீப் என்றது.

"எர்த்குவேக்! வெளிய வாங்க!" பெங்களூர் கேப்டன் ஹெட்போனோடு தெருவுக்கு ஓடினான். வேறு யாரும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"இன்னாபா நீ, இதுக்குப் போயி! ராக் பர்ஸ்ட்டு. சுரங்கத்துல கீய பாறை வெடிக்கும். வந்து உக்காரு," என்றாள் கலாவதி.

நோட்டை எடுத்து, 'இல்லை' என்று எழுதியிருந்த கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன்.

"கலாவதி, முன்னாடி ரீஸ்டார்ட் ஆனப்பல்லாம் இது வந்துச்சா?"

"வந்திருக்கும் சார். அத யாரு கவனிக்கிறா?"

யாரும் இல்லை. நானும்தான். பிறந்ததிலிருந்து காலடியில் அதிர்ந்துகொண்டிருப்பதை விசேஷம் என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எழுந்து, போர்டுக்குப் பக்கத்தில் சுவரை ஓங்கிக் குத்தினேன். பாதி பூட் ஆகியிருந்த மெஷின் மறுபடி செத்துப் பிழைத்தது. அப்படி ஒரு சந்தோஷம்! மெயினை அணைத்து மூடியைக் கழற்றினேன். நியூட்ரல் கம்பியைப் பிடிக்கும் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று லூஸ். என் கையால் முடுக்கியது.

"யாரு சார் போர்டு போட்டது?" என்றான் கேப்டன்.

"அந்த ஆள் ரிட்டையர் ஆயிட்டார்," என்றேன்.

"இன்னொரு தடவை போச்சுன்னா நாங்க கெளம்புறோம்."

கலாவதி நம்பவில்லை. சமையலறையிலிருந்து அம்மிக் குழவியைத் தூக்கிவந்து சுவரில் பத்து இடி இடித்தாள். காரை உதிர்ந்தது, மெஷின் அசையவில்லை. ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினார்கள். நடுவே ஒரு சின்ன அதிர்வு வந்தது. ஆறு திரையும் ஓடின. நம் பசங்க பரிதாபமாகத் தோற்றார்கள். கலாவதி விசிலடித்தாள்.

"அடுத்த மாசம் வர்றோம் அக்கா. எர்த்குவேக் வர்றதுக்கு முன்னாடி சொல்லிடுங்க," என்றான் கேப்டன்.

"எங்களுக்கே சொல்லிட்டு வராதுபா."

இதைப் படிக்கும் இளைய டெக்னீஷியன்களுக்கு ஒன்று சொல்வேன். பழுது பார்க்கப் போன இடத்தில் 'ஒண்ணும் இல்ல சார்' என்று சொல்பவரை நம்புங்கள். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊருக்கு அன்றைக்குத்தான் வந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவரிடமும் கேளுங்கள்.